எருக்கம்பூ மாலை

தெய்வத்தை நம்பினவனுக்கு அச்சமில்லை என்னும் பேச்சை நம்மவர் எளிதாகப் பேசிவிடுகின்றனர். கோவிலிலும் பேசுகின்றனர், பள்ளிவாசலிலும் பேசுகின்றனர், மாதா கோவிற் பிரசங்கத்தில் அதனைக் கேளாத ஞாயிற்றுக்கிழமை அரிது. சொல்வோர்க்கு வாய் நோவதில்லை. கேட்போர்க்குச் செவி நோவதில்லை. ஆயினும் அச்சம் என்பது ஒன்றுதானா என்று எவரும் நின்று கேட்டாரில்லை. புலிக்கு அஞ்சுவது ஒன்று. பட்டினிக்கு அஞ்சுவது ஒன்று. வேலை போய்விடுமென்று மேலாளருக்கு அஞ்சுவது மற்றொன்று. இவையெல்லாம் வெளியிற் சொல்லிக்கொள்ளத் தக்க அச்சங்கள். எவரும் வாய்விட்டுச் சொல்லாத அச்சம் ஒன்று உண்டு. நம்மைச் சேர்ந்தவர்கள் நம்மை என்ன நினைப்பார்களோ என்பதே அது. காட்டில் புலியின் எதிரே நின்றவனும், பந்தியில் தன் இலைக்குப் பக்கத்து இலை வெறுமையாய்க் கிடக்கக் கண்டால் உள்ளூர நடுங்குவான்.

நாம் கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்து வளர்ந்தோம். எதிர்ப்பின் நடுவே ஆண்டவரை நம்பி அஞ்சாதிருத்தல் என்பது யாது என எழுதப் புகுந்தபோது, தூரதேசத்து வேதசாட்சிகள் பலர் நினைவில் வந்து நின்றனர். ரோமாபுரியின் அரங்கில் மடிந்தோர் பெரியோரே. எனினும் அவர்களுடைய பகைவர் நம் பகைவரைப் போன்றவரல்லர். நமக்கு அண்மையில் உள்ளவர், நம் உறவு முறையையும் பந்தி வழக்கத்தையும் அறிந்தவர், எருமையின் மேல் ஏற்றி ஊர்வலம் விடப்பட்டவர் ஒருவர் தென்திருவிதாங்கூரில் இருந்தார். அவரைப் பற்றியே இங்குப் பேச விரும்புகிறோம்.

இன்று கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த நட்டாலம் என்னும் ஊரில் 1712 ஆம் ஆண்டு ஏப்ரல் 23 ஆம் நாள் நீலகண்ட பிள்ளை பிறந்தார். தந்தையார் நம்பூதிரி, தாயார் நாயர் குலத்தவர். கல்வியும் போர்ப்பயிற்சியும் பெற்று, மார்த்தாண்ட வர்மர் ஆட்சியில் பத்மநாபபுரத்து அரண்மனைச் சேவகத்தில் அமர்ந்தார். பார்கவி அம்மாளை மணந்தார். பிறப்பால் உயர்வு, பதவியால் உயர்வு, அரசர் அறிந்த முகம். ஊரார் எதிரில் வந்தால் ஒதுங்கி நிற்கும் நிலை. இழப்பதற்கு மிகுதியாக உடைய மனிதர் அவர் என்பதை வாசகர் நினைவில் வைத்தல் வேண்டும்.

1741 ஆம் ஆண்டு குளச்சலில் ஒல்லாந்தர் படையைத் திருவிதாங்கூர்ப் படை முறியடித்தது. சிறைப்பட்டவருள் டி லனாய் என்னும் தளபதியும் ஒருவர். அவர் பின்னர் அரசரிடமே ஊழியம் ஏற்று, உள்நாட்டுப் படைக்குப் புதுமுறைப் பயிற்சி அளித்து, 1777 இல் இறக்கும்வரை அந்நாட்டிலேயே வாழ்ந்தார். அவர் கல்லறை உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது. அரண்மனைப் பணியில் இவரும் நீலகண்ட பிள்ளையும் நண்பராயினர். அக்காலம் பிள்ளைக்குப் போதாத காலம். மாடுகள் மடிந்தன, பொருள் குறைந்தது. முகவாட்டத்தின் காரணத்தை வினவிய டி லனாய், யோபு என்னும் பக்தனுடைய சரிதத்தை அவருக்கு எடுத்துரைத்தார் என்பர்.

இவ்விடத்தில் நாம் சற்றே நின்று பார்த்தல் வேண்டும். ஆறுதல் கூறினவர் யார்? போரில் தோற்றவர், பிறந்த மண்ணை விட்டு, தம்மை வென்றவனுக்கே படை பழக்கும் நிலையில் வந்து சேர்ந்தவர். தமக்குச் சொல்லிக்கொண்ட ஆறுதலையே அவர் பிறருக்கும் சொல்லியிருக்கக்கூடும். இனி, அவர் சொன்ன கதைதான் யாது? யோபு சரிதத்தை நம்மவர் பலர் ஒரு வட்டிக்கணக்காகவே எண்ணுகின்றனர்: பொறுத்தான், ஆகையால் இருமடங்கு பெற்றான் என்று. முடிவில் அவன் செல்வம் இருமடங்காயிற்று என்பது மெய்யே. ஆனால் அந்நூலின் பெரும்பகுதி, அவனைக் காணவந்த நண்பர்கள் அவனைக் குற்றவாளியாக்க முயலும் வழக்காகவே இருக்கிறது. நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், இல்லையேல் இவ்வளவும் உனக்கு ஏன் வந்தது என்பதே அவர்கள் பேச்சின் சாரம். யோபு அதற்கு ஒப்பவில்லை. ஆண்டவர் கடைசியிற் பேசுகின்றார். பேசியும் துன்பத்தின் காரணத்தைச் சொல்கின்றாரில்லை. காரணம் சொல்லப்படாத அவ்விடத்திலேதான் யோபு அவரைப் பற்றிக்கொண்டு நிற்கிறான். மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றி, 'பையன் பரீட்சையில் தேறட்டும், இன்னும் இரண்டு ஏற்றுகிறேன்' என்று பேரம் பேசுவோர் நம் கோவில்களிற் குறைவில்லை. வெற்றிலைக் கடையிற்கூட நம்மவர் அத்துணை பேரம் பேசுவதில்லை! நீலகண்ட பிள்ளைக்கு முதலிற் கிடைத்த பாடம் அந்தப் பேரத்துக்கு நேர்மாறானது.

1745 ஆம் ஆண்டு மே 14 ஆம் நாள், திருவிதாங்கூர் எல்லைக்கு அப்பால், திருநெல்வேலிச் சீமையிலுள்ள வடக்கன்குளத்தில், சேசு சபைக் குருவாகிய புத்தாரி சுவாமியார் அவருக்கு ஞானஸ்நானம் அளித்தார். இடப்பட்ட பெயர் லாசர். ஆண்டவர் உதவினார் என்னும் பொருளுடைய அவ்வெபிரேயப் பெயர் தமிழிலே தேவசகாயம் ஆயிற்று. மனைவியாரும் பின்னர் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ அம்மாள் ஆயினார். தேவசகாயம் என்பது அழகிய பெயர்தான். ஆயின் பெயர் இட்ட நான்காம் ஆண்டிலே அப்பெயருடையவர் விலங்கிடப்பட்டார். ஏழாம் ஆண்டிலே சுட்டுக் கொல்லப்பட்டார். உதவி என்று பெயர் பெற்றவருக்கு வந்த உதவி யாது என்னும் வினாவை விலக்கிவிட்டு அவரைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது.

நிற்க. சிறைப்பட்டது எதனால் என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. அரசாங்க இரகசியங்களை வெளியிட்டார் என்னும் குற்றம் அவர்மேற் சாட்டப்பட்டது. திருவிதாங்கூர் வரலாறு எழுதினோருள் சிலர், அவர் அலுவற் குற்றத்திற்கே தண்டிக்கப்பட்டார், மதத்திற்காக அன்று என்பர். அந்த அரசில் கிறிஸ்தவராகிய டி லனாயே படைத்தலைமை வகித்தார் என்பதை அவர்கள் சான்றாகக் காட்டுவர். அச்சான்று புறக்கணிக்கத் தக்கதன்று. இந்து அரசர் கிறிஸ்தவர் எல்லாரையும் துன்புறுத்தினார் என்று கதை கட்டுவோர் வரலாற்றுக்கும் நியாயம் செய்யவில்லை; அயலாருக்கும் நியாயம் செய்யவில்லை. ஆனால் ஒன்று கருதத்தக்கது. அயல்நாட்டான் ஒருவன் கிறிஸ்தவனாயிருப்பது வேறு; அரண்மனையிலிருக்கும் மேற்குலத்தான் ஒருவன் தன் வரிசையை விட்டு இறங்கி, தாழ்த்தப்பட்டவனோடு அமர்ந்து உண்பது வேறு. முன்னது விருந்தாளியின் வழக்கம். பின்னது வீட்டின் தூணை அசைப்பது. தேவசகாயம் எல்லாச் சாதியாரோடும் கலந்து பழகினார் என்பதைத் திருச்சபையும் அவர் வரலாற்றில் அழுத்தமாகச் சொல்கிறது. அவர்மேல் எழுந்த சினத்தின் வேர் அங்கேதான் என்பது நம் துணிபு.

அவருக்கு விதித்த தண்டனையின் தன்மையே நம் துணிபுக்குத் துணை நிற்கிறது. 1749 பிப்ரவரியிற் சிறைப்பட்ட அவரை உடனே கொல்லவில்லை. கைகளைப் பின்புறம் கட்டி, எருமையின் மேல் அதன் வாலைப் பார்த்தபடி உட்காரவைத்து, எருக்கம்பூ மாலை சூட்டி, ஊர் ஊராக ஓட்டிச் சென்றனர். நாளொன்றுக்கு 30 அடி என்றும், காயங்களில் மிளகாய்ப்பொடி தேய்த்தனர் என்றும் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். அடியும் மிளகாயும் உடம்பை நோகச் செய்யும். எருமையும் எருக்கமாலையும் எதற்கு? இதுவன்றோ ஆராயத் தக்கது! உயர்ந்த இடத்திலிருந்தவனுக்குச் சாவைவிடக் கொடியது எது என்பதை அத்தண்டனையை ஏற்படுத்தினோர் நன்கறிந்திருந்தனர். நேற்றுவரை ஒதுங்கி நின்றவர் இன்று கைகொட்டிச் சிரிக்கவேண்டும். சொந்தக்காரர் தலையைக் குனிந்துகொள்ளவேண்டும். அதைக் கண்டு அவன் நா வறண்டு, போதும், பழைய வரிசைக்கே வந்துவிடுகிறேன் என்று சொல்லவேண்டும். அவ்வொரு சொல்லே அவர்கள் வேண்டியது. மூன்றாண்டுக் காலம் அதனை எதிர்பார்த்தனர். அவர் சொல்லவில்லை.

புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் வாடியபோது பாறையை முட்டியால் இடிக்கத் தண்ணீர் சுரந்தது என்பது மக்கள் நம்பிக்கை; அப்பாறையை இன்றும் முட்டிடிச்சான் பாறை என்று வழங்குகின்றனர். பெருவிளையில் வேப்பமரத்திற் கட்டிவைத்திருந்தபோது, வேடிக்கை பார்க்க வந்தவர் அவரிடம் ஆறுதல் சொற்கேட்டுத் திரும்பினர் என்றும் கூறுவர். இறுதியில் 1752 சனவரி 14 ஆம் நாள், ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக்கொன்றனர். எஞ்சிய உடல் கோட்டாற்றுச் சவேரியார் கோவிலில் அடக்கம் செய்யப்பட்டது.

நாம் பிறந்தது பேராக்கில் ஒரு ரப்பர்த் தோட்டம். இன்று அவ்விடத்திற் செம்பனை நிற்கிறது. லயத்து வீட்டின் கதவுக்குப் பின்னால், விலங்கிட்ட கைகளைக் கூப்பி முழந்தாளிட்டிருக்கும் தேவசகாயத்தின் படம் ஒன்று தொங்கியது. சவேரியாரும் அந்தோணியாரும் சுவரின் நடுவே கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தனர். இவருக்கு மட்டும் கதவின் பின்புறம். இன்னும் திருச்சபை புனிதர் என்று அறிவிக்காதவராகையால் நடுச்சுவரில் மாட்டலாகாது என்பது நம் தந்தையாரின் நியாயம். அவர் பால்மரம் வெட்டும் தொழிலாளி. பிறந்த ஊர் தெற்கே, ஆரல்வாய்மொழிக் காற்று வீசும் பக்கம். அவரிடம் ஒருநாள், 'அப்பா, சாமி ஏன் இவருடைய விலங்கை உடைக்கவில்லை?' என்று கேட்டோம். வாளியைக் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, 'விலங்கை உடைக்கச் சொல்லி அவர் கேட்டார் என்று உனக்கு யார் சொன்னது?' என்றார். அவ்வளவே. மறுநாள் விடியுமுன் பெரட்டுக்குப் போகவேண்டியவருக்கு அதற்குமேல் தத்துவம் பேச நேரமில்லை.

அந்த மறுமொழியை நாம் பல்லாண்டு எண்ணியதுண்டு. எருமையின் மேலிருந்த மனிதர் கேட்டிருக்கக்கூடியது விடுதலையன்று. அந்த ஒரு சொல் தம் வாயில் வராதிருக்கவேண்டும் என்பதாகலாம். அவ்வாறாயின் உதவி வந்தது. நாள்தோறும் வந்தது. சிரிப்பவரின் முகத்தைப் பார்த்தும், தம்மைப் பற்றிய அவர்களுடைய மதிப்பீட்டைத் தமதாக்கிக்கொள்ளாமல் இருக்க வந்தது. அச்சமில்லை என்பதற்கு நாம் கொள்ளும் பொருள் இது. நெஞ்சு படபடத்திராது என்று நாம் சொல்லவில்லை. படபடத்திருக்கும்.

இனி, சொல்ல நாவெழாத செய்தி ஒன்றையும் சொல்லவேண்டும். தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 1872 இல் எழுந்த கோவிலுக்குள்ளே ஒரு சுவர் இருந்தது. ஒருபுறம் வேளாளர் முதலிய மேற்சாதியார்; மறுபுறம் நாடார் முதலியோர். பீடம் பொது, பூசை பொது, ஆண்டவர் பொது. தரை மட்டும் வேறு! 1910 இல் அச்சுவர் இடிக்கப்பட்டபோது, தம் உரிமை போயிற்றென்று மேற்சாதியார் நீதிமன்றம் ஏறினர். சென்னை உயர்நீதிமன்றம் அவர்கள் வழக்கை ஒப்பவில்லை. தாழ்ந்தவரோடு சேர்ந்துண்ட ஒருவருக்குப் பெயரிட்ட ஊரில், அவர் இறந்து ஒன்றரை நூற்றாண்டு கழிந்தபின்பும், பக்கத்தில் யார் முழந்தாளிடுவது என்று வழக்காடினர். அவர்கள் கடவுளை நம்பாதவர்களா? நாள்தோறும் செபமாலை சொன்னவர்கள். சாவுக்கு அஞ்சாதவர்களும் அவர்களுள் இருந்திருப்பர். அவர்கள் அஞ்சியது அந்த மற்றோர் அச்சத்துக்கு. சுவர் இல்லையெனில் உறவினர் என்ன சொல்வர்!

கடல் கடந்தால் இது கரையும் என்று எண்ணினோர் இருந்தனர். கரையவில்லை. மலாயாவின் பல தோட்டங்களில் லயங்களே சாதிவாரியாகப் பிரிந்திருந்தன. கங்காணி தன் ஊரில் தன் ஆட்களைத் திரட்டிக் கொண்டுவந்தபோது, தகரப்பெட்டியோடு சாதியும் கப்பலேறிற்று. கிறிஸ்தவர் அதனைக் கடலில் எறிந்துவிட்டு வந்தனர் என்று சொல்ல நமக்கும் ஆசைதான்.

சில ஆண்டுகளுக்கு முன்பு நம் மகள், தான் மணக்க விரும்பும் இளைஞரைப் பற்றி நம்மிடம் சொன்னாள். கிறிஸ்தவர், படித்தவர், ஒழுக்கமுடையவர், தாய்தந்தையர் தோட்டத்தில் உழைத்து அவரை ஆளாக்கியவர்கள். குறை கூற ஒன்றுமில்லை. ஆயினும் செய்தி பரவிய மூன்றாம் நாள் நம் ஒன்றுவிட்ட தமையனார் வந்து அமர்ந்தார். கோவிற் காரியங்களில் முன்னிற்பவர். நம்மைவிடப் பக்தியிற் சிறந்தவர் என்றே நாம் இன்றும் கருதுகிறோம். காப்பியைத் தொடாமல், 'தம்பி, சாமிக்கு முன்னால் எல்லாரும் ஒன்றுதான். சம்பந்தத்துக்கு முன்னால் அப்படிச் சொல்ல முடியுமா?' என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, 'ஓலை வாசிக்கிற அன்று நம் ஆட்கள் யாரும் கோவிலில் இருக்கமாட்டார்கள்' என்றார். அவர் குரலிற் பகை இல்லை. வருத்தமே இருந்தது. அவரும் யாருக்கோ அஞ்சிக்கொண்டிருந்தார்.

அன்றிரவு நமக்கு உறக்கமில்லை. துப்பாக்கி ஏந்தியவர் யாரும் வாயிலில் நிற்கவில்லை. வேலை போகும் என்றாரில்லை. சட்டமும் நம் பக்கம். எனினும் வயிற்றுக்குள் ஏதோ குளிர்ந்து கிடந்தது. நாற்பதாண்டுக் காலம் நம்மை அண்ணன் என்றும் சித்தப்பா என்றும் அழைத்தவர்கள், வீதியின் மறுபக்கம் நடந்து போவதை மனக்கண்ணிற் கண்டோம். விடியுமுன் மகள் வந்து, 'அப்பா, உங்களுக்குப் பயமாக இருந்தால் சொல்லிவிடுங்கள். நான் கோபித்துக்கொள்ளமாட்டேன்' என்றாள். பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் ஓலை கொடுக்கப் போகலாம் வா என்றோம். மூன்று ஞாயிறும் ஓலை வாசித்தார்கள். திருமணத்தன்று இடப்பக்கத்து முன்வரிசைகள் நான்கு வெறுமையாய்க் கிடந்தன. மாப்பிள்ளையின் தாயார் அதனைக் கண்டு, தம் பக்கத்து முதியவர்கள் சிலரை அழைத்துவந்து அங்கே அமர்த்தினார். அவ்வளவே நடந்தது. தமையனார் இன்னும் நம்மோடு பேசுவதில்லை. பேசுவார் என்று காத்திருக்கிறோம்.

2022 ஆம் ஆண்டு மே 15 ஆம் நாள் ரோமையில் பாப்பரசர் பிரான்சிஸ் தேவசகாயத்தைப் புனிதர் என்று அறிவித்தார். இந்தியப் பொதுநிலையினருள் அவ்வரிசைக்கு உயர்ந்த முதல்வர் அவரே. அறிவிப்பில் பிள்ளை என்னும் பட்டம் இல்லை, வெறுமனே தேவசகாயம். அதை விட்டுவிடவேண்டுமென்று கேட்டவர்களும் இருந்தனர். ஏன் விட்டீர்கள் என்று வருந்தியவர்களும் இருந்தனர். எருமையின் மேலிருந்தபோதே விட்டுப்போன பட்டத்துக்கு இத்தனை நாள் கழித்தும் வழக்கா என்று நாம் நினைத்துக்கொண்டோம்.

அன்று தொலைக்காட்சியில் அவ்விழாவைப் பார்த்தவர் எல்லாரும் அவரையே பேசினர். நம் எண்ணமோ ஞானப்பூ அம்மாள் பக்கம் சென்றது. கணவருக்கு மூன்றாண்டில் எல்லாம் முடிந்தது. இவருக்கு முடியவில்லை. கணவர் இறந்தபின் உற்றார் வாழும் நாட்டைவிட்டு எல்லைக்கு அப்பால் வடக்கன்குளத்துக்கே வந்து, 1766 வரை, பதினான்கு ஆண்டுகள் அங்கே வாழ்ந்து மறைந்தார். அவரைப் பார்க்கக் கூட்டம் கூடவில்லை. எருக்கமாலை சூட்டியவர் எவருமில்லை. பிறந்த வீட்டு நன்மை தீமைகளுக்கு அழைப்பு வராத பதினான்கு ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். மேற்குலத்தில் வளர்ந்த ஒரு பெண், அயலூர்க் கிணற்றடியில், முன்பு தம் வீட்டு முற்றத்தை மிதிக்கவும் கூசியவர்களோடு சேர்ந்து நீர் இறைத்திருப்பார். கணவரை அடக்கிய கோட்டாற்றுக்கு வடக்கன்குளத்திலிருந்து செல்லும் பாதை ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்தே போகிறது. அக்கல்லறையைக் காண அவர் விரும்பிய நாளெல்லாம், போகும்போது ஒருமுறையும் திரும்பும்போது ஒருமுறையும், காற்றாடிமலையின் அடிவாரத்தைத் தாண்டித்தான் நடந்திருக்கவேண்டும்.